செவுத்துப் படமும் வகுப்பறை நடுநிலையும்

1

2020ஆம் வருஷம் ஆடி மாசம். கொரோனா ஊரடங்கில் கல்லூரி மூடிக் கிடந்தது. நான் வேலை பார்ப்பது ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் கலைக் கல்லூரி. பெயர் வேண்டாம். வீட்டிலிருந்தே பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்கள். செல்போனைச் சோத்து டப்பாவில் சாய்த்து வைத்து, ஜூமில் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வாசலுக்கு எதிர்த்த சுவர். அதில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும். நூற்றாண்டு விழா சமயத்தில், 1991இல், அப்பா சேலத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த படம். இன்றைக்கும் வீட்டில் கண்ணாடி போட்ட பொருள் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் துறைத்தலைவர் போன் பண்ணினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குப் பின்னாடி ஒரு படம் தெரியுதுங்களாம். ஒரு பையனோட அப்பா கூப்பிட்டு வருத்தப்பட்டாரு. கிளாஸ்ல சொந்த அரசியலெல்லாம் வேண்டாமுங்க. வேற பக்கமாத் திரும்பி உக்காந்துக்குங்களேன்."

"உங்களுக்குப் பின்னாடியும் படம் இருக்குதுங்களே சார்?" என்றேன்.

"அது சாமி படமுங்க."

அவர் கெட்டவர் அல்ல. எனக்குச் சம்பளம் பாதியாகக் குறைந்தபோது வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பியவர். அவருக்குப் பின்னால் குலதெய்வக் கோயில் கமிட்டியின் காலண்டர் தொங்கும். எந்தக் குலம், எந்தக் கூட்டம் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இன்னொரு ஆசிரியரின் கையில் இரண்டு வண்ணக் கயிறு. இந்தப் பக்கத்தில் அந்த வண்ணத்துக்கு என்ன அர்த்தம் என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இதெல்லாம் அரசியல் இல்லையாம், பழக்கமாம். என் வீட்டுச் சுவரில் அப்பா மாட்டிய படம் மட்டும் அரசியலாம்.

திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம். இரண்டு வாரம் சுண்ணாம்பு உரிந்த ஒரு வெற்றுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். வெளிச்சம் போதாமல் முகமே தெரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் அப்போது யாரும் புகார் சொல்லவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் தொடங்கிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஆசிரியன் தன் சொந்த அரசியலை வகுப்பில் காட்டலாமா கூடாதா? கூடாது என்று சொன்னவர்கள் என் வாயை அடைத்தார்கள். காட்டலாம் என்று சட்டென்று சொல்லிவிடவும் என்னால் முடியவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அபிப்ராயம் இல்லாத வகுப்பறை என்று ஒன்று இந்தச் சமவெளியில் என்றைக்கும் இருந்ததில்லை.

1995. சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டி. ஒரு தலித் சிறுமி, ஐந்தாறு வயசுக் குழந்தை, பள்ளியில் ஆதிக்க சாதிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள் என்று ஆசிரியர் அடித்தார். ஒரு கண் பார்வை போனது. அந்த ஆசிரியர் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. கரும்பலகையில் எந்தச் சின்னமும் வரையவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இலிருந்து இருக்கின்றன. ஆசிரியர் கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்பதை அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவர் விதிக்குள் நின்றவர். ஆனால் அந்தத் தண்ணீர்ப் பானை ஒரு அரசியல் அறிக்கை. அடி அதற்கு எழுதிய உரை. பிள்ளைகள் பார்த்திருக்க நடத்தப்பட்ட பாடம்.

2022 ஜூலை. சேலம் பெரியார் பல்கலைக்கழகம். முதுகலை வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி: தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது? கீழே நான்கு சாதிப் பெயர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியார் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தில்! கேள்வித்தாளை வெளியார் தயாரித்தார்கள், நாங்கள் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்றார் துணைவேந்தர். இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை எழுதியவருக்குத் தான் அபிப்ராயம் சொல்கிறோம் என்றே தோன்றியிருக்காது. ஒரு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த தலித் மாணவன் அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகத் தன்னைத்தானே ‘டிக்’ அடிக்க வேண்டியிருந்தது.

அதே வருஷம் பக்கத்து ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறை பாலக்கரையில், தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியை வன்கொடுமைச் சட்டத்தில் கைதானார்.

பாடத்திட்டமும் அபிப்ராயந்தான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர் அவர். அவருக்கு அது கல்விச் சீர்திருத்தம். செருப்புத் தைக்கிறவன் வீட்டில் அதற்கு வேறு பெயர். ஊரெல்லாம் குலக்கல்வி என்று எதிர்த்தது. அடுத்த வருஷம் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போனது. அது தொடர்ந்திருந்தால் எங்கள் அப்பா பள்ளியில் அரை நாள்தான் இருந்திருப்பார். நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மௌனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காகத் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிப்பாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022இல் தண்டனை வந்தது, 2023இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. அது நடந்த வாரம் நான் வேறொரு கல்லூரியில் இருந்தேன். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்ச் வரை பிள்ளைகள் அதையேதான் குசுகுசுவென்று பேசினார்கள். மேடையில் நின்ற நாங்கள் எவரும் வாய் திறக்கவில்லை. "பாடத்தைப் பாருங்கப்பா" என்றோம். நடுநிலை காத்தோம். அந்த நடுநிலை யாருக்குத் தைரியம் கொடுத்தது, யாரைப் பயமுறுத்தியது என்று சொல்லத் தேவையில்லை.

ஆக, சொந்த அரசியலைக் காட்டாதே என்கிற விதி எல்லார் மேலும் ஒரேமாதிரி விழுவதில்லை. ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அபிப்ராயத்துக்கு அபிப்ராயம் என்றே பெயர் கிடையாது. அதன் பெயர் பழக்கம், பண்பாடு, ஒழுங்கு. வாசலில் வந்து நிற்கிற அபிப்ராயத்துக்குத்தான் அரசியல் என்று பெயர்.

3

இவ்வளவு தூரம் வந்ததும் நம் தோழர்கள் சிலர் ஒரு முடிவுக்குத் தாவுவார்கள். எல்லாமே அரசியல்தான், ஆகவே ஆசிரியன் மனசில் பட்டதைப் பேசட்டும், எதற்குத் தடை? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆசிரியரின் நாக்கை முழுசாக அவிழ்த்துவிட்டால் அது முதலில் யார் மேல் விழும்?

2021 ஏப்ரல். காரக்பூர் ஐஐடி. தலித், பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு, இணையவழியில் நடந்தது. ஆங்கிலம் நடத்திய பேராசிரியை மாணவர்களைக் கேவலமான வசவுகளால் திட்டினார். தேசபக்தி போதவில்லை என்று திட்டினார். எந்த ஆணையத்துக்கு வேண்டுமானாலும் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சவால் விட்டார். பதிவு வெளியே வந்ததால்தான் பணியிடைநீக்கம் நடந்தது. கதவு சாத்திய வகுப்பாக இருந்திருந்தால்? அந்தம்மாவும் தன் சொந்த அபிப்ராயத்தைத்தான் காட்டினார்.

2024. சென்னையில் ஒரு அரசுப் பள்ளி. மகாவிஷ்ணு என்ற பேச்சாளரைத் தன்னம்பிக்கை ஊட்டக் கூப்பிட்டார்கள். அவர் முன்பிறவிப் பாவம் பேசினார். ஒருவர் ஊனமாகவும் ஏழையாகவும் பிறப்பதற்கு அதுதான் காரணம் என்றார். பிறப்பைக் குற்றமாக்குகிற இந்தப் பேச்சைச் சேரியில் பிறந்தவன் ஆயிரம் தடவை கேட்டவன். அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்டது தமிழாசிரியர் சங்கர். பார்வையற்றவர். பள்ளியில் இதைப் பேசலாமா என்று மேடையைப் பார்த்துக் கேட்டார்.

இதில் சங்கர் காட்டியதும் ஒரு நிலைப்பாடுதான். பேச்சாளர் காட்டியதும் ஒரு நிலைப்பாடுதான். இரண்டும் ஒன்றா? இல்லை என்று மனசு சொல்கிறது. ஆனால் ‘ஒன்று நம்ம கட்சி, இன்னொன்று எதிர்க்கட்சி’ என்பதைத் தாண்டி ஒரு காரணம் சொல்ல முடிந்தால்தான் அது நியாயம். வெறும் பக்கச்சார்பு நியாயம் ஆகாது.

இன்னொரு வழக்கும் இருக்கிறது, இது கொஞ்சம் சிக்கல். 2023 ஆகஸ்டு. அன்அகாடமி என்ற இணையவழிப் பயிற்சி நிறுவனத்தில் சட்டம் நடத்தியவர் கரண் சங்வான். பழைய குற்றவியல் சட்டங்களை மாற்றும் மசோதாக்கள் வந்திருந்த நேரம். தான் தயாரித்த குறிப்பெல்லாம் வீணாய்ப் போச்சு என்று அலுத்துக்கொண்டு, அடுத்த முறை படித்தவர்களுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். எவர் பெயரையும் சொல்லவில்லை. வகுப்பறை சொந்த அபிப்ராயம் சொல்கிற இடமல்ல என்று நிறுவனம் வேலையைவிட்டு நீக்கியது.

நீக்கியது தவறு. ஒரு வாக்கியத்துக்காக ஒருவரின் சோற்றில் கை வைப்பது நடுநிலை அல்ல, பயம். அதோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதிதான் யோசித்தவர்கள். படித்தவனுக்குத்தான் ஓட்டு என்கிற அந்த அபிப்ராயத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டாமா? படிப்பு யாருக்கு மறுக்கப்பட்டது இந்த நாட்டில்? அரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கவே படிப்புத் தகுதி வேண்டும் என்று 2015இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அடிபட்டவர்களில் முன்னால் நின்றவர்கள் தலித் பெண்கள். பள்ளிக்கூடத்தை மறுத்தது சமூகம், தண்டனை அவர்களுக்கு. சங்வானின் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், எங்க அம்மா படிக்கல, ஆனா ஊர்ல தண்ணி வரவெச்சது அவங்கதான்" என்று சொல்ல முடிந்திருந்தால் அது வகுப்பு. அவர் பேச, ஆயிரக்கணக்கான பேர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நிறுவனம் பேசியது, அவர் போனார். மாணவர்கள் கடைசிவரை கேட்பவர்களாகவே இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நடந்த தவறு அதுதான்.

4

இப்போது என் கதைக்கு வருகிறேன். அடுத்தவன் குற்றத்தை மட்டும் எழுதினால் கட்டுரை நேர்மையாக இருக்காது.

வெற்றுச் சுவர் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு, அம்மா ஒருநாள் ஆணியும் சுத்தியும் எடுத்துவந்து, படத்தைக் கொண்டுபோய் அந்த வெற்றுச் சுவரிலேயே மாட்டிவிட்டாள். "நீ திரும்பி உக்காந்தா அவரும் திரும்பி உக்காரட்டும்" என்றாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கு வகுப்பில் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். பாடத்தைத் தாண்டிப் போனேன். இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தது. உள்ஒதுக்கீடு பற்றி என் அபிப்ராயத்தைச் சொன்னேன். 2009இல் பட்டியல் சாதியாரின் 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காட்டைத் தமிழக அரசு தனியாக ஒதுக்கியது. "இது தலித்துகளைப் பிரிக்கிற சூழ்ச்சி. ஒரே கையில் விரலைத் தனித்தனியாக வெட்டுகிற வேலை" என்றேன். நல்ல உவமை சொன்ன திருப்தி எனக்கு.

நான் பறையர் சமூகத்தில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் தோட்டத்து வேலையும் சாக்கடை வேலையும் துப்புரவு வேலையும் அதிகமாகத் தலையில் சுமத்தப்பட்டது அருந்ததியர்கள்மேல்தான். அது எனக்குத் தெரியாததல்ல. அந்த வகுப்பில் அருந்ததியர் வளவிலிருந்து வருகிற ஒரு பையன் இருந்தான். கேமராவை எப்போதும் அணைத்தே வைத்திருப்பான். டேட்டா இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் ஜனவரியிலிருந்து அரசாங்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது, அப்போதும் அணைத்தேதான் இருந்தான்.

கல்லூரி திறந்த பிறகு ஒருநாள் மரத்தடியில் கேட்டேன். "ஏண்டா கேமராவப் போடவே மாட்ட?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். "சார், உங்க செவுத்துல இருக்கற படத்தப் பாத்தா எனக்கும் சந்தோசந்தான். எங்கூட்லயும் அதே படம் இருக்குது. ஆனா நீங்க வாத்தியாரு, நீங்க காட்டலாம். நான் காட்டுனா என்ன வளவுன்னு கிளாஸுக்கே தெரிஞ்சுரும். காலேஜ் பஸ்ஸுல பக்கத்துல உக்கார மாட்டானுங்க."

கொஞ்சம் பொறுத்து, "அப்புறம், அன்னிக்கு 3 விழுக்காடு பத்திச் சொன்னீங்களே. எங்கக்கா நர்ஸ் வேலைக்குப் போனது அதுலதானுங்க சார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"இன்டர்னல் மார்க் நீங்கதானே சார் போடறீங்க."

இந்த ஒரு பதிலில் எல்லாம் இருக்கிறது. எனக்கு மேலே துறைத்தலைவர் நின்றார். அவர் முன்னால் நான் வாய் மூடினேன். எனக்குக் கீழே இவன் நின்றான். என் முன்னால் இவன் வாய் மூடினான். அவர் என் சம்பளத்தைப் பிடித்திருந்தார், நான் இவன் மதிப்பெண்ணைப் பிடித்திருந்தேன். அம்பேத்கர் படத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நான் செய்தது என் சாதியின் வசதியைப் பொதுநியாயமாகப் பேசியது. ஒடுக்கப்பட்டவன் என்பதால் எனக்கு அதிகாரம் இல்லாமல் போய்விடவில்லை. வகுப்பில் நான்தான் அதிகாரம்.

2024 ஆகஸ்டு 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது, ஆறுக்கு ஒன்று. தீர்ப்பு வந்ததால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே, அந்த மரத்தடியில், மாறிவிட்டது. கருத்து மாறியது இங்கே பெரிய விஷயம் அல்ல. அந்தப் பையன் அன்று வகுப்பிலேயே எனக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதுதான் விஷயம்.

5

ஆகவே நான் கண்டடைந்தது இவ்வளவுதான். ஆசிரியனுக்கு அரசியல் இருக்கலாமா என்பது தவறான கேள்வி, எல்லாருக்கும் இருக்கிறது. கேட்க வேண்டியவை வேறு.

ஒன்று, அந்த அபிப்ராயத்துக்குப் பதில் சொல்ல எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு இடம் இருக்கிறதா? பதில் சொன்னால் அவன் மதிப்பெண்ணோ ஹால் டிக்கெட்டோ உடம்போ சேதப்படாமல் இருக்குமா? கேள்விக்கு இடம் இல்லாத இடத்தில் சரியான கருத்துகூடப் பிரம்படிதான்.

இரண்டு, அந்த அபிப்ராயம் ஆட்சி, சட்டம், அதிகாரம் பற்றியதா, இல்லை எதிரே இருப்பவனின் பிறப்பு பற்றியதா? அரசாங்கத்தைப் பற்றி ஆசிரியர் சொன்னதை மாணவன் மறுக்கலாம். ‘நீ தாழ்ந்தவன்’ என்பதை அவன் எதைக்கொண்டு மறுப்பான்? அது விவாதம் அல்ல, தீர்ப்பு. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒருவரின் சொந்த அபிப்ராயம் அல்ல, எல்லார் மேலும் உள்ள கடமை. அதனால்தான் சங்கரும் அந்தப் பேச்சாளரும் ஒன்றல்ல. சங்கர் கேள்வி கேட்டார். பேச்சாளர் பிறப்பின் மேல் தீர்ப்பு எழுதினார்.

மூன்று, இது என் அபிப்ராயம், இதற்கு எதிராக இன்னது சொல்கிறார்கள் என்று ஆசிரியன் வெளிப்படையாகச் சொல்கிறானா? வெளியே தெரிகிற அபிப்ராயத்தோடு சண்டை போடலாம். பழக்கம் என்ற போர்வைக்குள் இருப்பதோடு எப்படிச் சண்டை போடுவது?

நாங்குநேரியில் தலித் மாணவனை அரிவாளால் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு 2023இல் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, ஆசிரியர்களை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்றது. வரவேற்கிறேன். கயிறும் ஒரு அறிக்கைதான் என்று கடைசியில் ஒரு அரசுக் குழுவாவது எழுதிவைத்தது. ஆனால் கயிற்றை அவிழ்ப்பதோடு படத்தையும் இறக்கு, எல்லாவற்றையும் வெறுமையாக்கு என்று யாராவது சமன்பாடு போட்டால் அதை ஏற்க மாட்டேன். கயிறு ஒருவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. அந்தப் படம் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அதன் அடியில் உட்கார்ந்தவன் சொல்லியிருக்கலாம், அந்தக் குற்றம் என்னுடையது.

அம்பேத்கரும் ஆசிரியராக இருந்தவர்தான். 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர். அங்கே ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதைச் சக பேராசிரியர்களே ஆட்சேபித்தார்கள். 1935 ஜூனில் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வரானார். அந்த அக்டோபரில்தான் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அவருடைய அரசியல் என்ன என்று அந்தக் கல்லூரியில் தெரியாத மாணவன் இருந்திருக்க முடியாது. யாரிடமும் மறைக்காமல், முதல்வர் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒவ்வொரு பருவமும் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்று சொல்கிறேன். என் அரசியல் இது, என் சாதி இது, நான் சொல்வதில் இவை கலந்திருக்கும், கவனமாகக் கேளுங்கள். இன்டர்னல் தாளில் பெயரை மறைத்துப் பதிவெண் மட்டும் எழுதச் சொல்கிறேன். பதிவெண்ணையும் திருத்தி முடித்த பிறகுதான் பார்க்கிறேன். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. போன வருஷம் ஒரு ஆதிக்க சாதிப் பையன் இடஒதுக்கீடே கூடாது என்று நாலு பக்கம் எழுதினான். தரவு சரியாக இருந்த இடத்துக்கு மதிப்பெண் போட்டேன், தப்பாக இருந்த இடத்தில் சுழித்தேன். அடுத்த நாள் வகுப்பில் அவனோடு ஒரு மணி நேரம் சண்டை. கடைசி பெஞ்சிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து எனக்கு முன்னாலேயே அவனுக்குப் பதில் சொன்னார்கள். அதில் ஒருத்தி என்னையும் ஒரு இடத்தில் திருத்தினாள்.

அந்த அருந்ததியர் பையன் படிப்பை முடித்துச் சேலத்தில் வேலைக்குப் போய்விட்டான். எப்போதாவது வீடியோ காலில் கூப்பிடுவான். இப்போது கேமராவைப் போடுகிறான். அவனுக்குப் பின்னால் அந்தப் படம் தெரிகிறது.